நிழலிலிருந்து விரட்டாதீர்: பாலைவன உயிரினங்களின் வழித்தடமும் நமது மரபும்



ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, அப்புனித நகரத்திற்குரிய சட்டங்களை நபி (ஸல்) அவர்கள் மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். அங்குள்ள முட்செடி வெட்டப்படக் கூடாது. அங்குள்ள வேட்டைப் பிராணி விரட்டப்படக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். இச்செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கும் இக்ரிமா (ரஹ்) அவர்கள், தம் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டதாக ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. வேட்டைப் பிராணியை விரட்டுவது என்றால் என்னவென்று தெரியுமா என்பதே அக்கேள்வி. விடையையும் அவர்களே கூறினார்கள். நிழலில் ஒதுங்கியிருக்கும் பிராணியை அங்கிருந்து அகற்றிவிட்டு, மனிதன் அவ்விடத்தில் இறங்கித் தங்குவதே விரட்டுதல் என்பது அவர்களின் விளக்கம்.

இந்த விளக்கத்தைச் சற்றே நிறுத்தி நிதானித்துப் பார்க்க வேண்டும். இங்கே அம்பு எய்யப்படவில்லை, கல் எறியப்படவில்லை, இரத்தம் சிந்தப்படவில்லை. ஓர் உயிரின் இடத்தை மனிதன் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவே. அதுவும் தடுக்கப்பட்ட செயல்களில் சேர்கிறது. கொல்லாமல் இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. இருக்க இடமும் செல்ல வழியும் விட்டுவைப்பதே முழுமையான பாதுகாப்பு என்னும் பேருண்மை இதில் பொதிந்துள்ளது. அரேபியப் பாலைவனத்தின் கடந்த நூறாண்டு வரலாறு, இவ்வுண்மையை மிகப் பெரும் விலை கொடுத்து மீண்டும் கற்றுக்கொண்ட வரலாறாகும். அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

நடப்பதே வாழ்வு

அரேபியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. பெய்யும் அச்சிறு மழையும் எங்கும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஓரிடத்தில் ஒரு நாள் கொட்டித் தீர்க்கும். ஐம்பது கிலோமீட்டர் அப்பால் ஈராண்டுகள் ஒரு துளியும் விழாது. மழை விழுந்த இடத்தில் சில வாரங்களுக்குள் புல் முளைத்துவிடும். அந்தப் புல்லை நாடிச் செல்லும் உயிரே அங்கே பிழைக்க முடியும்.

அரபு மக்கள் 'மஹா' என்றழைக்கும் வெள்ளை ஒரிக்ஸ் மான் இவ்வாழ்வுக்கென்றே படைக்கப்பட்டது போன்ற உயிரினம். வெண்ணிற உடல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீரைக் காணாமலே பல மாதங்கள் வாழும். உண்ணும் செடிகளிலும் அவற்றில் படியும் பனியிலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். கடுங்கோடையில் பகல் முழுவதும் கருவேல இன மரங்களின் நிழலில் மண்ணைத் தோண்டிப் படுத்துக்கொள்ளும்; இரவில் நெடுந்தொலைவு நடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு கூட்டம் நடந்து பயன்படுத்தும் நிலப்பரப்பு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் வரை விரியும். 'ரீம்' எனப்படும் மணல் மான்களும் இவ்வாறே பருவத்திற்கேற்ப இடம்பெயர்பவை.

ஆகவே பாலைவன விலங்கு ஒன்றுக்கு 'இருப்பிடம்' என்று ஒரு புள்ளியைக் குறித்துக் காட்ட இயலாது. கோடையில் தங்கும் நிழலும், மழைக்குப் பின் மேயும் வெளியும், இரண்டுக்கும் இடையே நடக்கும் பள்ளத்தாக்கும் சேர்ந்ததே அதன் இருப்பிடம். இடையிலுள்ள வழியை அடைத்துவிட்டால், இரு முனைகளும் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பயனில்லை.

புனித எல்லையும் பயணத்தின் சட்டமும்

மக்காவின் ஹரம் எல்லையைப் போலவே மதீனாவிற்கும் நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்தார்கள். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட பகுதி புனிதமாக்கப்பட்டது. நகரைச் சுற்றிலும் பன்னிரண்டு மைல் அளவுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஆக்கப்பட்டது என்று ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. மதீனாவில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டால் தாம் அவற்றைக் கலைக்க மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதும் அதே ஹதீஸில் உள்ளது. மதீனாவின் ஹரம் குறித்த சட்ட விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மக்கள் குடியேறிப் பெருகிவந்த ஒரு நகரத்தின் விளிம்பிலேயே மான்கள் மேய்வதற்கு இடம் விடப்பட்டிருந்தது என்ற வரலாற்றுச் செய்தியில் ஐயமில்லை.

ஹரம் என்பது நிலையான எல்லை. இஹ்ராமோ மனிதனோடு பயணம் செய்யும் சட்டம். மதீனாவிலிருந்து புறப்படும் பயணி, நகருக்கு வெளியே துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிகிறார். அங்கிருந்து மக்கா வரை நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாலைவனப் பாதை முழுவதிலும் நில விலங்குகளை வேட்டையாடுவது அவருக்குத் தடுக்கப்பட்டுள்ளது. வேட்டையைப் பிறருக்குச் சுட்டிக்காட்டுவதும் கூடாது. கையாலும் ஈட்டியாலும் எட்டிப் பிடிக்கத்தக்க அளவுக்கு வேட்டைப் பிராணிகளை அருகில் கொண்டுவந்து அல்லாஹ் சோதிப்பான் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 94-ஆம் வசனம் எச்சரிக்கிறது. உணவுக்கு அலைந்த பாலைவனப் பயணிகளுக்கு இது எளிய சோதனையன்று.

இச்சட்டம் பாதையில் எவ்வாறு நடைமுறைப்பட்டது என்பதற்கு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்து தோழர்களுடன் மக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். ருவைஸாவுக்கும் அர்ஜுக்கும் இடையே உஸாயா என்ற இடத்தில், உடலில் அம்பு தைத்த மான் ஒன்று நிழலில் தலை சாய்த்துக் கிடந்தது. உடனே ஒருவரை அதனருகே நிற்குமாறு பணித்தார்கள். பயணக் கூட்டம் முழுவதும் கடந்து செல்லும் வரை எவரும் அதனைத் தொந்தரவு செய்யாதவாறு அவர் காவல் நின்றார்.

ஒரு மானுக்காக ஒரு மனிதர் பாதையோரம் காவலுக்கு நிறுத்தப்பட்டார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். பயணமும் நிற்கவில்லை, மானும் நிழலிலிருந்து எழுப்பப்படவில்லை. சாலையும் வேண்டும், அதன் ஓரத்து உயிரும் வாழ வேண்டும் என்று இன்று பொறியாளர்கள் தேடும் தீர்வின் சாரம் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

இஹ்ராமில் வேட்டையாடியவர் செலுத்த வேண்டிய பரிகாரத்தையும் மார்க்கம் வகுத்துள்ளது. நீதியான இருவர் தீர்ப்பளிக்க, கொல்லப்பட்ட பிராணிக்கு ஒப்பான கால்நடையைப் பலியிட வேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை. ஸஹாபாக்களின் தீர்ப்புகளை அடியொற்றி ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் பட்டியலிடுகின்றன: தீக்கோழிக்கு ஒட்டகம், காட்டுக் கழுதைக்கு மாடு, மானுக்கு வெள்ளாடு. மத்ரஸாக்களில் ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்துகிறோம். மாணவர்கள் மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். ஆனால் அரேபியத் தீக்கோழி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பூண்டோடு அழிந்துவிட்டது. சிரியக் காட்டுக் கழுதை 1920களின் இறுதியில் உலகை விட்டே மறைந்தது. சட்டம் நூலில் நிற்கிறது. சட்டம் காத்த உயிர் மண்ணில் இல்லை. பாடம் நடத்தும் எவர் மனத்தையும் இது உறுத்தாமல் இராது.

ஹிமா: வேலியில்லாத காவல்

அரபுகளிடையே 'ஹிமா' என்றொரு வழக்கம் அறியாமைக் காலத்திலேயே இருந்தது. 'காக்கப்பட்ட இடம்' என்பது அச்சொல்லின் பொருள். வலிமை மிக்க தலைவன் ஒருவன் செழிப்பான நிலத்திற்குச் சென்றால், மேடான இடத்தில் நாய் ஒன்றைக் குரைக்கச் செய்வான். அக்குரல் எட்டும் தொலைவு வரை எல்லாத் திசைகளிலும் நிலம் அவனுக்கே உரியதாகிவிடும். அதற்கு வெளியிலும் அவன் மற்றவர்களோடு சேர்ந்து மேய்ப்பான். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வழக்கத்தை விளக்கியிருக்கிறார்கள். வலியவன் எளியவனின் மேய்ச்சலைப் பறிக்கும் ஏற்பாடாகவே அது இருந்தது.

நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தின் அநீதியை நீக்கினார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவிக்கப்பட்டதை ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதாவது, பொதுநலனுக்காக அன்றித் தனிமனிதரின் ஆதாயத்திற்காக நிலத்தை அடைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற பகுதி ஹிமாவாக்கப்பட்டது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை ஹிமாவாக்கினார்கள்.

அந்த ஹிமாவின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஹுனை என்பவருக்கு உமர் (ரலி) அவர்கள் வழங்கிய அறிவுரை புகாரீயில் உள்ளது. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே அனுமதிக்க வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகிய செல்வர்களின் மந்தைகளை அனுமதிக்கக் கூடாது என்று கட்டளையிடப்பட்டது. செல்வர்களின் கால்நடைகள் அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் பயிரும் உண்டு. ஏழைக்கோ வேறு கதியில்லை என்பதே காரணம். நிலத்தைக் காக்கும் சுமை ஏழையின் தலையில் விழக் கூடாது என்னும் இந்நெறி, இன்றைய காப்பகங்கள் பலவற்றுக்கும் தேவையான பாடமாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹிமாக்கள் முதன்மையாகக் குதிரைகளுக்காகவும் ஸகாத் ஒட்டகங்களுக்காகவும் ஏற்பட்டவை. காட்டு விலங்குகளுக்காக ஏற்பட்டவை அல்ல. ஆனால் புல்லும் மரமும் காக்கப்பட்டபோது மானும் பறவையும் அதில் பங்குபெற்றன. பிற்காலத்தில் கோத்திரங்களும் கிராமங்களும் தத்தம் ஹிமாக்களைப் பேணின. சிலவற்றில் மேய்ச்சல் முழுவதும் தடுக்கப்பட்டு, வறட்சிக் காலத்தில் புல் அறுக்க மட்டும் அனுமதி இருந்தது. சிலவற்றில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் மேய்க்கலாம். சில, தேனீ வளர்ப்புக்காகப் பூக்கும் காலம் முடியும் வரை மூடப்பட்டன. பொதுவாக இவற்றைக் காத்தவை கம்பி வேலிகள் அல்ல. எல்லை எதுவென்று ஊரார் அறிந்திருந்ததும் மீறியவருக்கு ஊரார் விதித்த தண்டமுமே இவற்றைக் காத்தன. கால் நடையாய் வரும் காட்டு மானுக்கு இவ்வெல்லையில் தடையேதும் இல்லை.

ஃபிக்ஹ் நூல்களில் 'ஹரீம்' என்று மற்றொரு கருத்தும் உண்டு. கிணறு, நீரோடை, பாதை ஆகியவற்றைச் சுற்றிக் கட்டடம் எழுப்பாமல் விடப்பட வேண்டிய வெளியே ஹரீம். கிணறு தோண்டியவருக்குக் கால்நடைகள் இளைப்பாறுவதற்காக அதைச் சுற்றி நாற்பது முழ இடம் உண்டு என்று இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் காணப்படுகிறது. தண்ணீர் இருந்தால் போதாது. தண்ணீரை அடையும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில், மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தனியே எடுத்துரைத்துள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் உரிமையாளர் உணவளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன் தருவதால் மட்டும் உயிருக்கு மதிப்பு வந்துவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் எழுத்தில் வடித்துவிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது

ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதாவின் பெயரால் அழைக்கப்படும் கூஃபா–மக்கா பெருவழியில் நூற்றாண்டுகள் தோறும் ஆயிரக்கணக்கான ஹாஜிகள் நடந்தார்கள். பாதைகளும் இருந்தன, மக்களும் இருந்தார்கள், மஹாவும் இருந்தது. ஒட்டகத்தின் வேகத்தில் சென்ற மனிதனிடமிருந்து மான் விலகிச் செல்ல முடிந்தது. மோட்டார் வண்டியும் விரைவுத் துப்பாக்கியும் வந்த பிறகு அது முடியாமற்போயிற்று.

இதே காலத்தில் ஹிமாக்களும் தளர்ந்தன. 1953-இல் சவூதி அரசின் ஆணையொன்று மேய்ச்சல் நிலங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எளியோருக்கும் மேய்ச்சல் கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் காவலும் கட்டுப்பாடும் நீங்கியதால் பல ஹிமாக்கள் சீரழிந்தன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வல்லுநர் ஒமர் திராஸ், 1969-இல் இம்மரபைப் பற்றித் தனி அறிக்கை எழுதி அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தார்.

மஹாவின் எண்ணிக்கை விரைந்து குறைந்தது. 1962-இல் எஞ்சிய சிலவற்றைப் பிடித்து வளர்த்துக் காக்கும் முயற்சி தொடங்கியது. அன்றைய ஏடன் பகுதியின் பாலைவனத்தில் பிடிக்கப்பட்ட மூன்றுடன், இலண்டன் விலங்குக் காட்சிச் சாலை, குவைத் ஆளும் குடும்பத்தவர், சவூதி மன்னர் சவூத் ஆகியோர் அளித்தவையும் சேர்ந்து ஒன்பது மான்கள், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 'உலக மந்தை' என்ற பெயரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1972-இல் ஓமனின் ஜித்தத்துல் ஹராசீஸ் சமவெளியில் கடைசிக் காட்டு மஹாக்கள் வேட்டையாடப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகள், அரேபியாவின் பாலைவனத்தில் சுதந்திரமாக நடக்கும் மஹா ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்தவையும் வேலியோரத்தில் இறந்தவையும்

வளர்ப்பில் பெருகிய மஹாக்கள் மீண்டும் தாயகம் திரும்பின. முதலில் 1982-இல் ஓமனில் அவை விடுவிக்கப்பட்டன. சவூதியில் 1986-இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று தேசிய ஆணையம் அமைந்தது. தாயிஃப் நகரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், 2,200 சதுர கிலோமீட்டர் அளவிலான மஹாஸத்துஸ் ஸைத் காப்பகம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. ஆடு, ஒட்டகங்களும் வேட்டைக்காரர்களும் நுழையாதவாறு சுற்றிலும் வேலி எழுப்பப்பட்டது. 1990 முதல் மஹாக்கள் அதனுள் விடப்பட்டன. ரீம் மான்களும் விடப்பட்டன. புல் தழைத்தது, மான்கள் பெருகின. எங்கும் மகிழ்ச்சி நிலவியது.

பின்னர் வறட்சி வந்தது. பழங்காலமாயின் மஹாக்கள் மழை பெய்த திசை நோக்கி நடந்திருக்கும். இப்போது வேலி நின்றது. 1999 முதல் 2008 வரை, மழை பொய்த்த கோடைகளில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மஹாக்களும் ஏறத்தாழ 2,800 ரீம் மான்களும் அக்காப்பகத்தினுள் மடிந்தன. பசியும் வறட்சியும் காரணங்கள்; மேய்ச்சல் உள்ள இடத்திற்கு நகர முடியாதவாறு வேலி தடுத்ததும் காரணம் என்று அங்கு பணியாற்றிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதில் எவரையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. அந்த வேலி இல்லாதிருந்தால் அம்மான்கள் வேட்டைக்கு இரையாகியிருக்கக்கூடும். அன்பினால் எழுப்பப்பட்ட வேலி அது. ஆயினும் இடத்தைக் கொடுத்து வழியை அடைத்தால் என்ன நேரும் என்பதை அது காட்டிவிட்டது.

ஓமன் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது. அங்கே வேலியில்லை. ஹராசீஸ் பழங்குடியினரே காவலர்களாக அமர்த்தப்பட்டார்கள். மஹாக்கள் விரும்பிய திசையில் நடந்தன. 1994-இல் யுனெஸ்கோ அக்காப்பகத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1996-இல் ஏறத்தாழ 450 மஹாக்கள் இருந்தன. அவ்வாண்டிலேயே கள்ளத்தனமாகப் பிடிப்பது தொடங்கியது. உயிருடன் பிடித்துத் தனியார் தோட்டங்களுக்கு விற்றார்கள். 2007-இல் 65 மட்டுமே எஞ்சின. எண்ணெய் வளம் தேடும் பொருட்டுக் காப்பகத்தின் பரப்பும் 90 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலிலிருந்து அதனை நீக்கியது. உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே.

வழியில்லாத காவல் ஓரிடத்தில் தோற்றது. காவல் தளர்ந்த வழி மற்றோரிடத்தில் தோற்றது. உஸாயாவில் நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் ஒன்றாக வைத்தார்கள். மானை அடைத்துவைக்கவில்லை, காவலின்றி விடவுமில்லை.

இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி ரப்அல்காலியின் மேற்கு விளிம்பில் உள்ள உரூக் பனீ மஆரிதில் நடைபெறுகிறது. அங்கே 1995 முதல் மஹாக்கள் விடப்பட்டன. வேலியில்லாத பெருமணல் மேடுகளும் அவற்றை ஒட்டிய கற்பாறைச் சமவெளியும் அவற்றுக்குத் திறந்திருக்கின்றன, காவலர்கள் சுற்றிவருகிறார்கள். 2023-இல் இவ்விடம் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இயற்கையில் அற்றுப்போன நிலையிலிருந்து மீண்ட மஹாவை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011-இல் சற்றே ஆபத்துக் குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. இத்தகைய மீட்சி கண்ட முதல் உயிரினம் மஹாவே. அல்ஹம்து லில்லாஹ்.

வளரும் நகரமும் குறுகும் வெளியும்

இன்றைய ஆபத்து வேட்டைக்காரனின் துப்பாக்கியைவிட அமைதியானது. 1950-இல் ரியாதின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். 2022 கணக்கெடுப்பின்படி 70 லட்சம். வளைகுடா நகரங்கள் பலவும் இவ்வாறே பெருகியுள்ளன. வீடும் வேலையும் மனிதருக்குத் தேவை. அந்நகரங்களில் உழைத்தே நம் குடும்பங்கள் பலவும் வாழ்கின்றன. அதை மறந்து பேசுவது நன்றியாகாது. ஆனால் நகரம் விரியும்போது முதலில் மறைவது மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு. மழைநீர் ஓடும் வழியும், செடி தழைக்கும் வழியும், விலங்கு நடக்கும் வழியும் அதுவே. வெறுமையாகத் தோன்றுவதால் அங்கே எளிதில் கட்டடம் எழுகிறது. நிழலில் படுத்திருந்த உயிரை எழுப்பிவிட்டு அங்கே தங்குதல் என்று இக்ரிமா (ரஹ்) அவர்கள் விளக்கியது நகர அளவில் நிகழ்கிறது.

நெடுஞ்சாலைகளும் இவ்வாறே. ஒட்டகங்கள் மீது வாகனங்கள் மோதி மனித உயிர்கள் பலியாவதால் சாலையோரம் வேலியிடுகிறார்கள். மனித உயிரைக் காப்பது கடமையே. ஆனால் வேலியோடு நிறுத்திவிட்டால் நிலம் இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே ஒட்டகங்கள் கடப்பதற்குச் சாலைக்கு அடியில் வழிகள் கட்டப்பட்டுள்ளன. சவூதியிலும் அமீரகத்திலும் வாகனம் ஓட்டும் நம் சகோதரர்கள் இவற்றைக் கண்டிருப்பார்கள். உரிமையாளர் உள்ள ஒட்டகத்திற்குச் செய்ததை, உரிமையாளர் இல்லாத மானுக்கும் செய்ய வேண்டும் என்பதே வழித்தடப் பாதுகாப்பின் கோரிக்கை.

நம் மரபிலிருந்து இதற்கு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. முதலாவது, வழியைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். கிணறு தோண்டும்போதே ஹரீமும் உறுதியாகிறது. அனைத்தும் கட்டி முடித்தபின் இடம் தேடுவதில்லை. இரண்டாவது, வழியின் இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும். சாலைக்கு அடியில் வழி அமைத்து, மறுபக்கத்தில் குடியிருப்பு எழுப்பினால் அது வழியாகாது. மூன்றாவது, அருகில் வாழும் எளியவரின் பிழைப்பைப் பறிக்காமல், அவரையே காவலராக்க வேண்டும். ஹுனைக்கு உமர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளையின் உயிர் இதுவே.

நம்மால் ஆவது என்ன?

நகரத் திட்டங்களை வகுப்பவர்கள் நாமல்லர். ஆயினும் நம் கையில் உள்ளவை சில உண்டு. வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்கள் விடுமுறையில் குடும்பத்தோடு பாலைவெளிக்குச் செல்வார்கள். தடம் உள்ள பாதையை விட்டு வாகனத்தைச் செலுத்தினால், மழைக்காகக் காத்திருக்கும் செடிகள் நசுங்கும். விட்டுவரும் நெகிழிப் பைகளைத் தின்று ஒட்டகங்கள் இறப்பது அங்கே அனைவரும் அறிந்த துயரம். மான் தென்பட்டால் படம் எடுப்பதற்காக வண்டியில் துரத்தும் இளைஞர்களும் உண்டு. கடும் வெயிலில் துரத்தப்பட்ட மான், துரத்தியவர் கண்ணுக்கு மறைந்த பின் மூச்சு முட்டி விழக்கூடும். தனித்து நிற்கும் மரத்தின் கீழே விரிப்பை விரிக்குமுன், அந்நிழலில் ஏற்கெனவே எவரேனும் ஒதுங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர் இரு காலில் நடப்பவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஹஜ், உம்ராவுக்குச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். இஹ்ராமின் தடைகளைப் படிக்கும்போது வேட்டை பற்றிய பகுதியை, இக்காலத்திற்குப் பொருந்தாது என்று கடந்துவிடாதீர்கள். குளிரூட்டப்பட்ட பேருந்தில் அமர்ந்து மதீனாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் அந்த நீண்ட வழியில், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். ஒரு காலத்தில் கை நீட்டினால் எட்டும் தொலைவில் விலங்குகள் வந்து நின்ற வழி அது. அவற்றைத் தொடாமல் கடந்தவர்களின் வாரிசுகள் நாம். ஊர் திரும்பியதும் ஸம்ஸம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் சேர்த்து, மானுக்குக் காவல் நின்ற மனிதரின் செய்தியையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது இறைமறை கற்பிக்கும் உண்மை. அச்சமுதாயங்களுக்கும் நம்மைப் போலவே தங்க இடமும் நடக்க வழியும் வேண்டும். இப்பூமியில் நம்மைப் பொறுப்பாளர்களாக அமர்த்திய வல்ல அல்லாஹ், நம் கால்பட்ட இடமெல்லாம் பிற உயிர்களுக்கும் பாதுகாப்பாக அமையச் செய்வானாக! நமக்குப் பின் வரும் தலைமுறையினர், மஹாவை நூலில் மட்டும் படிக்காமல் மண்ணிலும் காணும் நற்பேற்றை அருள்வானாக! ஆமீன்.